பரியா கெனியனில் ஐந்து நாள்: கொழும்பிலிருந்து புறப்படும் குழுவுக்கு முழுமையான வழிகாட்டி

கொழும்பு வெயிலில் வளர்ந்தவர்களுக்குப் பாலைவன வெயில் பெரிய விடயமல்ல என்ற நினைப்புத்தான் முதலில் ஆளைக் கவிழ்க்கும். வெள்ளவத்தையில் நடுப்பகலில் சந்தைக்குப் போய்த் திரும்பினால் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். உடம்பு எவ்வளவு தண்ணீரை விட்டிருக்கிறது என்பதைச் சட்டையே சொல்லிவிடும். அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையிலுள்ள செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் (அங்கே கெனியன் என்பார்கள்) காற்று காய்ந்து கிடக்கும். வியர்வை தோலுக்கு வந்த கையோடு ஆவியாகும், சட்டை உலர்ந்தே இருக்கும், தாகமும் பிந்தித்தான் எடுக்கும். பிற்பகலில் தலையிடி தொடங்கும்போது ஒரு லீற்றருக்கு மேல் கடன் விழுந்திருக்கும்.

அதே இடத்தில் தண்ணீர் கூடினாலும் உயிராபத்து. பாறையும் இறுகிய மண்ணும் மழையை உறிஞ்சாது. எங்கோ பெய்த மழை முழுவதும் ஒடுங்கிய வெடிப்புக்குள் திரண்டு வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அன்டலோப் கெனியனில் 11 சுற்றுலாப் பயணிகளை அடித்துச் சென்ற வெள்ளம், அவர்கள் நின்ற இடத்துக்குப் பல மைல் மேலே பெய்த மழையால் வந்தது. 2015 செப்டெம்பர் 14 அன்று சயன் தேசியப் பூங்காவின் கீஹோல் கெனியனில் 7 பேர் இறந்ததும் திடீர் வெள்ளத்தில்தான். ஆகவே இந்த ஐந்து நாள் நடைக்கு எந்த மாதம் போவது, எத்தனை பேர், எதைச் சமைப்பது, எந்தச் சப்பாத்து என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் இங்கே தண்ணீரை வைத்துத்தான் விடை தேட வேண்டும்.

எந்தப் பள்ளத்தாக்கு, எந்த மாதம்

முதல் தடவை போகும் குழுவுக்கு மூன்று பெயர்கள் காதில் விழும். கிராண்ட் கெனியன் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அங்கே இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில். பிரைட் ஏஞ்சல் பாதையில் விளிம்பிலிருந்து ஆற்றுக்கு 1,300 மீற்றருக்கு மேல் இறங்கிவிட்டு, களைத்த காலோடு அத்தனையையும் ஏற வேண்டும். இறங்க இறங்க வெப்பமும் கூடும். கயோட்டி கல்ச் அழகானது, இரண்டு மூன்று நாளில் முடியும், ஆனால் அதற்குப் போகும் நீண்ட மண்பாதை மழை பெய்தால் சேறாகிவிடும். வாடகைக் காருக்கு அது சோதனை.

நாங்கள் சிபாரிசு செய்வது பரியா கெனியன். யூட்டாவில் வைட் ஹவுஸ் என்ற இடத்தில் தொடங்கி, ஆற்றோடு கீழ்நோக்கி நடந்து, அரிசோனாவில் லீஸ் ஃபெரியில் முடியும். மொத்தம் சுமார் 61 கிலோமீற்றர். பெரிய ஏற்றம் இல்லை, வழி தவறவும் இடமில்லை. உடல் வலு கூடியவரும் குறைந்தவரும் கலந்த குழுவுக்கு இது பொருந்தும். ஒரு குறை இருக்கிறது, அதைச் சின்னதாக எடுக்கக் கூடாது: நடுவில் இலகுவில் வெளியேற வழி இல்லை. உள்ளே போனால் முன்னாலோ பின்னாலோ நடந்துதான் வர வேண்டும்.

ஜூலை முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை அந்தப் பகுதிக்கு இடிமழைக் காலம். பள்ளிக்கூட ஓகஸ்ட் விடுமுறையைக் குறிவைத்து யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். நல்ல காலம் ஏப்ரல், மே முற்பகுதி, பிறகு ஒக்டோபர். சித்திரைப் புத்தாண்டு லீவோடு நான்கைந்து நாள் சேர்த்தெடுத்தால் ஏப்ரல் பயணம் கொழும்பு அலுவலகக்காரருக்கு வாய்ப்பாக அமையும். அப்போது பகல் இதமாக இருக்கும், இரவில் 5 பாகைக்குக் கீழே இறங்குவதும் உண்டு, ஆற்றுத் தண்ணீர் எலும்பைத் தொடும். ஒக்டோபரில் தண்ணீர் கொஞ்சம் இதமானது, பகல் குறுகியது.

ஆட்களும் கடதாசி வேலையும்

வாட்ஸ்அப் குழுமத்தில் பதினைந்து பேர் கைதூக்குவார்கள். காசு கேட்டதும் ஆறு பேர் மிஞ்சுவார்கள். அந்த ஆறுதான் சரியான எண்ணிக்கை. பரியாவில் ஒரு குழுவுக்கு உச்சவரம்பு 10 பேர், இரவு தங்க ஒரு நாளைக்கு மொத்தம் 20 பேருக்குத்தான் அனுமதி. நான்கு பேருக்குக் குறைந்தால் ஒருவர் காயப்படும்போது ஒருவர் அவரோடு இருக்க, இருவர் உதவிக்குப் போக ஆள் போதாது. எட்டுக்கு மேல் போனால் ஒவ்வொரு தண்ணீர் நிறுத்தமும் ஒரு மணித்தியாலம் ஆகும்.

முதல் வேலை வீசா. அனுமதி கிடைத்தபின் வீசா கேட்கலாம் என்று இருந்தால், நேர்காணல் நாள் பயண நாளுக்குப் பின்னால் விழலாம். எல்லோருக்கும் வீசா கிடைத்தபின் இணையத்தில் பரியா அனுமதிக்குக் காத்திருங்கள். முன்பதிவு சில மாதங்களுக்கு முன்னரே திறக்கும், நல்ல நாட்கள் உடனே போய்விடும். நேரக் கணக்கைக் கவனியுங்கள்: யூட்டாவில் நண்பகல் 12 என்றால் கொழும்பில் கோடை நேரத்தின்போது இரவு 11.30, குளிர்கால நேரத்தின்போது நள்ளிரவு தாண்டி 12.30. இன்னொரு குழப்பமும் உண்டு. யூட்டா கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும், அரிசோனாவின் இந்தப் பகுதி தள்ளாது. எல்லையில் கைத்தொலைபேசி தானாக மாறி மாறிக் காட்டும். வாகனக்காரரோடு நேரம் பேசும்போது எந்த மாநில நேரம் என்று சொல்லிப் பேசுங்கள்.

தொடக்கமும் முடிவும் வேறு வேறு இடம் என்பதால் வாகன ஒழுங்கு தேவை. சொந்தமாக இரண்டு கார் எடுத்து ஒன்றை லீஸ் ஃபெரியில் விடலாம். அல்லது காரை லீஸ் ஃபெரியில் நிறுத்திவிட்டு, பேஜ் அல்லது கனாப் ஊர்ப் பக்கத்து வாகனச் சேவையில் தொடக்க இடத்துக்குப் போகலாம். இரண்டாவது நல்லது: ஐந்தாம் நாள் களைத்து வரும்போது உங்கள் கார் உங்களுக்காக நிற்கும், யாருடைய நேரத்துக்கும் ஓட வேண்டாம். ஓட்டுபவர் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை இங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே வலப்பக்க ஓட்டம், கொழும்புடன் நேர வித்தியாசம் பதினொன்றரை, பன்னிரண்டரை மணி. விமானத்தால் இறங்கிய நாளே லாஸ் வேகாஸிலிருந்து நெடுந்தூரம் ஓட்ட வேண்டாம். இரண்டு இரவு தூங்கி எழுந்தபின் நடைக்கு இறங்குங்கள்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது மலைநடையும் மீட்பு ஹெலிகொப்டரும் உள்ளடங்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பள்ளத்தாக்குக்குள் தொலைபேசி அலை கிடையாது. குழுவுக்கு ஒரு செய்மதிச் செய்திக் கருவி கட்டாயம். கொழும்பில் ஒருவரிடம் நாள்வாரியான திட்டத்தையும், “இந்த நேரம் வரை செய்தி இல்லாவிட்டால் அழையுங்கள்” என்ற கடைசி நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். 911ஐ இலங்கையிலிருந்து அழைத்தால் அங்கே போகாது. கனாபிலுள்ள கேன் கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்தின் நேரடி எண்ணை அந்தக் கடதாசியில் எழுதி வைக்க வேண்டும்.

குழுவுக்குள் வேலையைப் பெயர் சொல்லிப் பிரியுங்கள். ஒருவர் தண்ணீர், ஒருவர் அடுப்பும் சாப்பாடும், ஒருவர் மருந்து, ஒருவர் வரைபடமும் நேரமும். வயதில் மூத்த அண்ணன் ஒருவரே எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்வது நம் குழுக்களில் வழக்கம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் மிச்சப் பேர் அடுப்பு மூட்டத் தெரியாமல் நிற்பார்கள். முக்கிய விதி ஒன்று: திரும்பலாம் என்று யார் சொன்னாலும் குழு நின்று கேட்க வேண்டும். பகிடி பண்ணக் கூடாது. இது புறப்படும் முன்னரே எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டிய விடயம்.

கொழும்பிலேயே செய்யும் பயிற்சி

பரியாவில் கால் மூன்று வேலை செய்யும்: ஈர மணலில் நடக்கும், முழங்கால் தண்ணீரில் நடக்கும், கடைசி நாட்களில் பாறைக் குவியலில் ஏறி இறங்கும். முதல் இரண்டுக்கும் கல்கிசைக் கடற்கரையைவிட நல்ல மைதானம் கிடைக்காது. பயணத்துக்குக் கொண்டுபோகும் அதே சப்பாத்தையும் காலுறையையும் போட்டு, அலை நனைக்கும் விளிம்பில் கல்கிசையிலிருந்து வெள்ளவத்தைப் பக்கம் நடந்து திரும்புங்கள். ஒரு மணி நேரம் ஈரக் காலோடு நடந்தால் எந்த விரலில் கொப்புளம் வரும் என்பது தெரிந்துவிடும். அதைப் பரியாவின் இரண்டாம் நாளில் கண்டுபிடிப்பதைவிட இங்கே கண்டுபிடிப்பது மலிவு. கடல் உப்பு சப்பாத்தைத் தின்னும், வீட்டுக்கு வந்ததும் கழுவுங்கள்.

ஏற்றத்துக்கு மாடிப்படி போதும். முதுகுப்பையில் தண்ணீர்ப் போத்தல்களால் சுமை ஏற்றி, எட்டு மாடிக் கட்டிடத்தில் ஏறுங்கள். உச்சியில் தண்ணீரைப் பூச்சாடிகளுக்கு ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்குங்கள், முழங்கால் தப்பும். 6 கிலோவில் தொடங்கி வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூட்டாமல் 14 கிலோ வரை போகலாம். பத்து வாரம் வேண்டும்.

கடைசி மாதத்தில் தொடர்ந்து இரண்டு நாள் சுமையோடு நடக்கும் பயணம் ஒன்றாவது குழுவாகச் செய்யுங்கள். மலையகத்தின் பீக்கோ நடைபாதை 22 பகுதிகளாகப் பிரிந்திருப்பதால் அடுத்தடுத்த இரண்டு பகுதிகளை இரண்டு நாளில் நடக்கலாம். சிவனொளிபாதமலை ஓர் இரவு ஏற்றத்துக்கு நல்லது. ஆனால் அங்கே வழிநெடுகத் தேத்தண்ணிக் கடை இருப்பதால் தண்ணீர்க் கணக்குப் பழகாது. இந்த ஒத்திகையில்தான் யார் மெதுவாக நடப்பார், யார் பசித்தால் கோபிப்பார் என்பது வெளிவரும். மெதுவாக நடப்பவரை முன்னால் இரண்டாவது ஆளாக விடுங்கள். கடைசியில் விட்டால் அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் இளைப்பாறி எழும்புவார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது.

தண்ணீர்க் கணக்கு

நடக்கும் நாளில் ஒருவருக்குக் குடிக்க 4 லீற்றர், சமையலுக்கும் தேத்தண்ணிக்கும் இன்னும் ஒன்று ஒன்றரை லீற்றர். ஒவ்வொருவரும் 6 லீற்றர் கொள்ளும் பாத்திரங்கள் வைத்திருக்க வேண்டும். ஒரே பெரிய பையில் வைக்காதீர்கள், அது கிழிந்தால் எல்லாம் போய்விடும். இரண்டு ஒரு லீற்றர்ப் போத்தலும் இரண்டு மடிக்கக்கூடிய 2 லீற்றர்ப் பையும் நல்ல கலவை.

பரியா ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் அது பால் தேத்தண்ணி நிறத்தில் களிமண் கலந்து வரும். மேலே பண்ணைகளும் ஊர்களும் இருக்கின்றன. நேரே வடிகட்டியில் ஊற்றினால் இரண்டு லீற்றருக்குள் அடைத்துவிடும். நம்ப வேண்டியது சுவரிலிருந்து கசியும் ஊற்றுக்களை. தொடக்கத்திலிருந்து சுமார் 19ஆம் கிலோமீற்றரில் பிக் ஸ்பிரிங், 35 அளவில் ஷவர் ஸ்பிரிங், 40 அளவில் கடைசி நம்பகமான ஊற்று. அதன் ஆங்கிலப் பெயரே அந்தப் பொருளில்தான் இருக்கிறது. அதற்குப் பின் லீஸ் ஃபெரி வரை சுமார் 20 கிலோமீற்றருக்கு நம்பி நிரப்ப ஊற்று இல்லை, பள்ளத்தாக்கும் அகன்று நிழல் போய்விடும். எனவே முதல் நாளும் கடைசிக்கு முந்தின நாளும் 6 லீற்றர் சுமை, நடுவில் 3 லீற்றர் போதும். அனுமதி வழங்குவோரிடம் ஊற்றுக்களின் அன்றைய நிலையைக் கேட்டு, அனுமதிக் கடிதத்தோடு வரும் குறிப்புகளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆற்றுத் தண்ணீரைப் பாவித்தே ஆக வேண்டிய நிலை வந்தால்: மடிக்கக்கூடிய வாளியில் அள்ளி, 4 லீற்றருக்குக் கால் தேக்கரண்டிக்கு மேற்படாமல் படிகாரத் தூள் போட்டுக் கலக்கி, அசையாமல் வையுங்கள். மண் திரண்டு அடியில் படியும். தெளிந்த மேல்நீரை மடித்த சாரத் துணியால் வடித்து, பிறகு வடிகட்டியில் விடுங்கள். நம் ஊர்களில் கிணற்றுத் தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை உரைத்த அதே வேலைதான். ஆனால் விதைகளை அமெரிக்கச் சுங்கத்துக்குள் கொண்டுபோய் விளக்கம் சொல்ல வேண்டாம், படிகாரம் போதும். படிகாரம் மண்ணைத்தான் இறக்கும், கிருமியைக் கொல்லாது. நுண்குழாய் வடிகட்டி ஒரு தடவை உறைந்தால் உள்ளே வெடித்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. குளிர் இரவில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் டையொக்சைட் வில்லைகள் மாற்றாக இருக்கட்டும். சில ஒட்டுண்ணிகளுக்கு அவை 4 மணித்தியாலம் எடுக்கும், இரவில் போட்டு விடியக் குடியுங்கள்.

வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பதும் பிழை. வியர்வையோடு உப்பு போகும். உப்பை ஈடுசெய்யாமல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைச்சுற்று, வாந்தி, குழப்பம் வரும். பார்வைக்கு நீர்ச்சத்துக் குறைவு போலவே இருக்கும், இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒரு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல்) பைக்கற்றை ஒரு லீற்றரில் கரைத்துக் கொடுங்கள், மணிக்கொரு தடவை உப்பிட்ட கச்சான் அல்லது மிக்சர் ஒரு கை. சிறுநீர் வெளிறிய மஞ்சளாக இருந்தால் சரி. நிறமே இல்லாமல் அடிக்கடி போனால் தண்ணீரைக் குறைத்து உப்பைக் கூட்டுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி

பரியா ஆறு பிரைஸ் கெனியன் பீடபூமிப் பக்கம் தலையெடுக்கிறது. ஆகவே வைட் ஹவுஸ் வானிலை மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். புறப்படும் நாள் காலையில் மேல்நீரேந்துப் பகுதி முழுவதற்கும் முன்னறிவிப்புப் பாருங்கள். அமெரிக்க வானிலைச் சேவை திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு படியாகச் சொல்கிறது: எதிர்பார்க்கவில்லை, வரலாம், அநேகமாக வரும், நிச்சயம் எதிர்பார்க்கிறோம். இரண்டாம் படிக்கே நாங்கள் சுவர்கள் நெருங்கும் ஒடுக்கத்துக்குள் போக மாட்டோம். ஒன்பதாயிரம் மைல் பறந்து வந்துவிட்டோமே என்ற கவலை அந்தக் காலையில் பலமாக வேலை செய்யும். அதனால்தான் பயணத்திட்டத்தில் இரண்டு நாள் சும்மா விட்டுவைக்கச் சொல்கிறோம்.

ஆபத்தான பகுதி சுமார் 7ஆம் கிலோமீற்றரிலிருந்து 14 வரை. சுவர் இரு பக்கமும் நெருங்கி நிமிர்ந்து நிற்கும், ஏறி ஒதுங்க இடம் அரிது. அதற்குள் உயரமான திட்டில் தவிர வேறெங்கும் நிற்காதீர்கள், சாப்பாட்டை முன்னோ பின்னோ வையுங்கள். சுவரில் தலைக்கு மேலே மரக்கட்டை சொருகியிருப்பதைக் காண்பீர்கள். வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்தது என்று பொருள்.

தண்ணீர் திடீரென்று நிறம் மாறுவது, குச்சியும் சருகும் நுரையும் மிதந்து வருவது, எதிர்பாராத குளிர்காற்று, தூரத்தில் லொறி ஓடுவது போன்ற இரைச்சல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பையைப் பற்றி யோசிக்காமல் மேலே ஏறுங்கள். கீழ்நோக்கி ஓடி வெள்ளத்தை முந்த முடியாது. ஏறியபின் தண்ணீர் வடிந்து ஆறு பழைய நிலைக்கு வரும்வரை இறங்க வேண்டாம். ஓர் இரவு முழுக்க இருக்க நேரலாம். அதற்காகவே ஒரு நாள் உணவு கூடுதலாக வைத்திருக்கிறீர்கள். இரவு தங்குவதற்கும் அதே விதி: வெள்ளக் குப்பை படிந்த கோட்டுக்கு நன்றாக மேலே, செடி வளர்ந்த மணல் மேட்டில்.

சாப்பாடு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 700 கிராம் உலர் உணவு. ஆறு பேருக்கு ஐந்து நாளும் ஒரு நாள் உபரியும் சேர்த்து 25 கிலோ, அதாவது ஆளுக்கு 4 கிலோ சொச்சம்.

கொழும்பிலிருந்து கொண்டுபோவதா, அங்கே வாங்குவதா? அரிசி, பருப்பு, கடலை அங்கே வாங்குங்கள். கப்ரா என்ற தானிய வண்டுக்கு அஞ்சி நம் பக்கத்து அரிசியையும் கடலையையும் சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். கருவேப்பிலைக்கும் அங்கே தடை, எலுமிச்சை இனப் பயிர்களுக்கு நோய் பரப்பும் பூச்சி அதில் வாழும். இறைச்சி கலந்த எதுவும் வேண்டாம், கோழிச் சூப் கட்டிகூட. வறுத்து அரைத்த தூள்களும் கடையில் பொதிசெய்த இனிப்புக்களும் பெரும்பாலும் பிரச்சினையில்லை. எதைக் கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதுங்கள். எழுதினால் அதிகம் போனால் பறிப்பார்கள், எழுதாவிட்டால் தண்டம்.

காலைக்குச் சத்துமா, ஆளுக்கு 90 கிராம், பால்மாவும் சீனியும் வீட்டிலேயே கலந்து தனித்தனிப் பைகளில். சுடுதண்ணீர் ஊற்றினால் போதும், கழுவப் பாத்திரமும் இல்லை. மத்தியானம் அடுப்பு மூட்ட வேண்டாம்: டோட்டியா ரொட்டியில் சீனிச்சம்பல் அல்லது கச்சான் வெண்ணெய். வழியில் கொறிக்கப் பயற்றம்பணியாரம், எள்ளுருண்டை, பொரிவிளாங்காய். பாலைவனத்தில் சொக்லேட் உருகும், இவை உருகாது. பொரிவிளாங்காயைக் கடிக்கத் தெரியாத நண்பருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே பல் வைத்தியர் இல்லை.

இரவுக்கு ஒரே சட்டியில் சோறும் பருப்பும். ஆறு பேருக்கு அரிசி 700 கிராம், மைசூர்ப் பருப்பு 300 கிராம், தேங்காய்ப்பால் மா 90 கிராம், வறுத்த கறித்தூள் 3 மேசைக்கரண்டி, மஞ்சள், உப்பு, காய்ந்த வெங்காயச் சீவல் ஒரு கை. பருப்பை முகாம் போட்டதும் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் வேகும் நேரம் பாதியாகும். தேங்காய்ப்பால் மாவை அடுப்பிலிருந்து இறக்கியபின் சேருங்கள், முன்னே போட்டால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்த சட்டியைக் கழுவப் போகும் தண்ணீர் குடிக்கும் தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம். மாசி சேர்ப்பவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும். குழுவில் வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரர் ஒருவராவது இருப்பார்.

இந்தச் சமையலுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 170 கிராம் எரிவாயு போகும். நான்கு இரவுக்கு 450 கிராம் புட்டி ஒன்றும் 230 கிராம் புட்டி இரண்டும் எடுத்தால் உபரியும் இருக்கும். புட்டியை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே வாங்குங்கள். பழைய அடுப்பைக் கொண்டுபோனால் எண்ணெய் வாடையே இல்லாமல் கழுவியிருக்க வேண்டும். பவர் பேங்க் கைப்பையில், கத்தி சரக்குப் பையில். பரியாவில் விறகு மூட்டத் தடை.

காலும் சுமையும்

தோல் பூட்ஸ் வேண்டாம். தண்ணீர் புகாத சப்பாத்தும் வேண்டாம், மேலால் புகுந்த தண்ணீர் உள்ளேயே நிற்கும். வலைத்துணி கொண்ட, தண்ணீர் வடியும் ஓட்டச் சப்பாத்து, அரை அளவு பெரிதாக. ஏப்ரலில் நியோப்ரீன் காலுறை. மணிக்கொரு தடவை நின்று மணலைக் கொட்டுங்கள். ஒருவர் கொட்டும்போது மற்றவர்கள் பொறுமையிழந்தால் அடுத்த நாள் அந்த ஒருவரைச் சுமந்துகொண்டு நடப்பீர்கள். எரிச்சல் தொடங்கியவுடன் காலைத் துடைத்து ஒட்டுநாடா போடுங்கள், கொப்புளமானபின் ஈரத்தில் எதுவும் ஒட்டாது. முகாமில் உலர்ந்த காலுறை, அது இரவுக்கு மட்டும்.

வெறும் பையும் கூடாரமும் உடுப்பும் 8 கிலோவுக்குள் நின்றால், உணவு 4, தண்ணீர் 6 சேர்ந்து முதல் நாள் 18 கிலோ. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது கூடுதல். குழுப் பொருட்களை உடல் எடைக்கேற்பப் பிரித்தால் அவருக்கு 15 ஆக்கலாம். கூடாரம் இருவருக்கொன்று, தூங்கும் பை பூச்சியம் பாகைக்குத் தாங்கக்கூடியது. ஒரு சாரம் கட்டாயம். நிழல், துவாய், உடை மாற்றும் மறைப்பு, வடிதுணி எல்லாம் அதுவே. வெயில் ஏறும்போது பருத்திச் சட்டையை ஆற்றில் நனைத்துப் போடுங்கள், காய்ந்த காற்றில் அது குளிரூட்டியாக வேலை செய்யும். மாலை நான்கு மணிக்குப் பின் அதைக் கழற்றிவிடுங்கள், இரவுக் குளிரில் ஈரப் பருத்தி ஆபத்து.

கைத்தடி இரண்டு வேண்டும். கலங்கிய தண்ணீரின் அடி தெரியாது, ஒவ்வோர் அடிக்கும் முன் தடியால் ஊன்றிப் பாருங்கள். புதைமணல் முழங்கால் வரை இழுக்கும், படங்களில் காட்டுவதுபோல் ஆளை விழுங்காது. பயந்து காலை உருவினால் இறுகும். பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றி, பின்பக்கம் சாய்ந்து, காலை மெல்ல ஆட்டி ஆட்டித் தண்ணீர் உள்ளே போகவிட்டு எடுங்கள்.

ஐந்து நாள் வழி

முதல் நாள் 11 கிலோமீற்றர். திறந்த ஆற்றுப்படுகையில் தொடங்கி ஒடுக்கத்துக்குள் போய், பக்ஸ்கின் கல்ச் என்ற பக்கப் பள்ளத்தாக்கு வந்து சேரும் சந்தியில் முடியும். பக்ஸ்கினுக்குள் கொஞ்சத் தூரத்தில் உயரமான மணல் திட்டில் தங்கலாம். காலை 8 மணிக்கு முன் இறங்குங்கள். இரண்டாம் நாள் பிக் ஸ்பிரிங் வரை 8 கிலோமீற்றர்தான். வேண்டுமென்றே குறைத்திருக்கிறோம். காலை பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் மேலேயிருந்து வரும் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு மறு சுவருக்குத் தெறிக்கும். நிழலுக்குள் இருக்கும் பாறையும் உள்ளேயிருந்து எரிவதுபோல் தெரியும். அதைப் பார்க்க நிற்காமல் கிலோமீற்றர் எண்ணுபவர்கள் மாடிப்படியிலேயே நின்றிருக்கலாம்.

மூன்றாம் நாள் 14 கிலோமீற்றர் நடந்து ராதர் பக்கக் கெனியன் வாயிலில் தங்குங்கள். பையை முகாமில் விட்டுவிட்டு ராதர் என்ற இயற்கைப் பாறை வளைவைப் பார்க்க ஏறலாம், ஒரு கிலோமீற்றருக்குள் முடியும், கடைசி ஏற்றம் செங்குத்து. நான்காம் நாள் கடைசி ஊற்றில் 6 லீற்றரும் நிரப்பி, அதற்கு அப்பால் ஆறேழு கிலோமீற்றர் போய்த் தங்குங்கள். ஐந்தாம் நாள் மிச்சம். பாறைகள் விழுந்து கிடக்கும் பகுதி, நிழல் இல்லை. விடிய ஐந்தரைக்கு டோர்ச் வெளிச்சத்தில் புறப்பட்டால் நண்பகலில் லீஸ் ஃபெரி.

பாறைச் சுவரில் பழங்குடியினர் செதுக்கிய உருவங்கள் உண்டு. விரலால் தொட்டாலே எண்ணெய் படியும், பார்த்தால் போதும். கரைகளில் கறுத்த பொருக்கு மண்ணைக் கண்டால் மிதிக்காதீர்கள், அது உயிருள்ள மண், ஒரு மிதிக்குப் பல ஆண்டுகள் பின்னுக்குப் போகும். பைலா பாட ஆசை வரும், சுவர் எதிரொலிக்கும். பாடலாம். ஸ்பீக்கர் வேண்டாம், அடுத்த வளைவில் இன்னொரு குழு இருக்கலாம்.

கழிவும் உடம்பும்

மலத்தை மண்ணில் புதைக்க அனுமதி இல்லை. மணல் ஈரமில்லாதது, கழிவு உக்காது, அடுத்த வெள்ளம் அதைத் தண்ணீரில் சேர்க்கும். தூள் அடங்கிய இரட்டைப் பைகளில் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பை, ஒன்று உபரி. கடதாசியும் அதே பைக்குள். பயன்படுத்திய பைகளை மூடி இறுகும் பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டு முதுகுப்பைக்கு வெளியே கட்டுங்கள். கொழும்பில் ஒரு தடவை வீட்டுக் குளியலறையில் பழகிப் பாருங்கள். சிரிப்பு வரும், ஆனால் முதல் காலைத் தடுமாற்றம் இருக்காது. வெட்கப்பட்டு மூன்று நாள் அடக்கியவருக்கு நான்காம் நாள் நடக்க முடியாது.

சர்க்கரை நோயாளர் குழுவில் இருந்தால் இன்சுலினை ஈரத் துணியால் குளிரும் பையில், உடுப்புகளின் நடுவில் வையுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர் புறப்படும் முன் வைத்தியரிடம் அளவைப் பற்றிக் கேட்க வேண்டும். மருந்துகள் பெயரிட்ட பைக்கற்றிலும் சீட்டோடும் இருக்கட்டும்.

களைத்து, வெளிறி, குமட்டல் சொன்னால் நிழலில் இருத்தி, நனைத்து, விசிறி, ஜீவனி கொடுங்கள். பேச்சுக் குளறினாலோ நடை தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கு. உடனே ஆற்றில் கிடத்தி, தலையைத் தூக்கிப் பிடித்துக் குளிர்வியுங்கள், செய்மதிக் கருவியில் உதவி கேளுங்கள். பரசிற்றமோல் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, இந்தச் சூட்டுக்கு அது வேலை செய்யாது. தேளும் பாம்பும் இருக்கின்றன. விடியச் சப்பாத்தை உதறிப் போடுங்கள், கை தெரியாத இடத்தில் வைக்காதீர்கள்.

லீஸ் ஃபெரியில் கார் கதவைத் திறக்க முன் கொழும்புக்குச் செய்தி அனுப்புங்கள்: “ஆறு பேரும் வெளியே.” அங்கே அலை கிடைக்காவிட்டால் செய்மதிக் கருவியிலேயே. கழிவுப் பைகளை அனுமதித்த குப்பைத் தொட்டியில் போடுங்கள். வடிகட்டியைப் பின்புறமாகக் கழுவிக் காய வையுங்கள். கூடாரத்தையும் சப்பாத்தையும் விடுதிக் குளியல் தொட்டியில் கழுவாதீர்கள், அந்தச் செம்மண் குழாயை அடைக்கும். பெற்றோல் நிலையத்துக் குழாயில் கழுவி வெயிலில் போட்டால், பழைய பாலைவனக் காற்று அரை மணியில் உலர்த்திவிடும்.